திருப்புளி – 14: தண்ணி ஊத்தலாமா, வேண்டாமா?

மக்களே, ரெண்டு ஞாயித்துக்கிழமையா இந்தப் பக்கம் வரலை. ஆணி ஜாஸ்தி. தீசிஸ் குடுக்க ஆறு வாரம்தான் பாக்கி. அதுக்கு நடுவுல ஒரு பெரிய பஞ்சாயத்து வேற ஓடிட்டு இருந்துச்சு. என் பொட்டிக்குத் தண்ணி ஊத்தலாமா, வேண்டாமா?

பயப்படாதீங்க, குடத்துல மொண்டு ஊத்தற மேட்டர் இல்லை. வாட்டர் கூலிங். பிராசசர் சூட்டைத் தண்ணி வெச்சு இழுத்துட்டுப் போற ஏற்பாடு. படத்துல பாத்தா கலர் கலரா லைட் எரியும், குழாய்ல தண்ணி ஓடும், ஏதோ ராக்கெட் மாதிரி இருக்கும். எனக்கும் ரொம்ப நாளா ஒரு சபலம்.

புதுசா வர்றவங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. இது நானே திருப்புளி புடிச்சு மாட்டின பொட்டி. பாதி சாமான் செகண்ட் ஹேண்ட். உள்ள உக்காந்திருக்கறது ரைசன் 9 7950எக்ஸ். 2022-ல வந்தது, 16 கோர். இதோட டப்பாவுல கூலர் வராது, தனியா வாங்கணும். அப்ப கையில காசு இல்லை. பழைய பொட்டியில கிடந்த ஒத்தை ஃபேன் கூலரை எடுத்து ‘இப்போதைக்கு’ன்னு மாட்டிவிட்டேன். நம்ம ஊர்ல ‘இப்போதைக்கு’ன்னா எத்தனை வருஷம்னு உங்களுக்கே தெரியும்.

நான் இருக்கறது ஜெர்மனியில கார்ல்ஸ்ரூஹே. மூணாவது மாடி, ஓட்டுக்கு நேர் கீழ என் ரூம். இங்க வீடுகள்ல ஏ.சி. வெக்கிற பழக்கம் ரொம்பக் கம்மி. ஜெர்மனியே குளிரும்னு நெனச்சு வந்தவ நான். இந்த ஊர்ல 2003 ஆகஸ்ட்ல 40.2 டிகிரி அடிச்சிருக்குன்னு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது. வெயில் ஆரம்பிச்ச மொத வாரம் ரூம் தெர்மாமீட்டர் 31 காட்டுச்சு. பிராசசர் 95 காட்டுச்சு.

95-னா செத்துப்போயிடாது. இந்த பிராசசரோட எல்லையே 95 தான். அதைத் தொட்டதும் தானா வேகத்தைக் குறைச்சுக்கும். அதனால கருகற பயம் எனக்கு இல்லை. என் பயம் வேற. சத்தம்.

என் தீசிஸ் காத்து ஓட்டத்தைக் கணக்கு போடற சிமுலேஷன். மொத்தம் 40 கேஸ். ஒவ்வொண்ணும் ஆறு மணி நேரத்துக்கு மேல ஓடும். யூனிவர்சிட்டி கிளஸ்டர்ல பெரிய கேஸ்களைப் போட்டுட்டு சின்னதை வீட்டுல ஓட்டறேன். ஓட ஆரம்பிச்சா அந்த ஒத்தை ஃபேன் நிமிஷத்துக்கு 1900 சுத்து சுத்தும். மிக்சியில தேங்காச் சில்லு போட்டு மூடியை விட்டுட்ட மாதிரி ஒரு சத்தம். ஆறு மணி நேரம்.

பக்கத்து ரூம்ல சேச்சி. கோட்டயத்துக்காரங்க, ஆஸ்பத்திரியில நைட் டியூட்டி. கேரளாவுல படிச்ச நர்சிங் படிப்பை இங்க முழுசா ஏத்துக்கறதுக்கு அவங்க ஒரு தேர்வு எழுதணும். அது வரைக்கும் உதவியாளர் சம்பளம்தான். தேர்வுக்கு மூணு வாரம் இருந்துச்சு. காலையில ஏழு மணிக்கு வந்து படுப்பாங்க. எங்க ரெண்டு ரூமுக்கும் நடுவுல இருக்கறது செங்கல் செவுரு இல்லை, ஜிப்சம் பலகை.

ஒருநாள் காலையில பத்து மணிக்கு கிச்சன் போனா, சேச்சி டேபிள்ல தலை சாச்சுத் தூங்கிட்டு இருந்தாங்க. பக்கத்துல ஜெர்மன் மருத்துவப் புஸ்தகம் தெறந்தபடி.

“ஏன் சேச்சி, ரூம்ல படுக்கலையா?”

“குழப்பமில்லா மோளே. உன் மெஷின் உறங்கும்போ ஞானும் உறங்கும்.”

சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. அப்புறம் பேச்சோட பேச்சா ஒண்ணு சொன்னாங்க. முந்தின நாள் டிராம்ல தூங்கிப்போய் கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டாங்களாம். எத்தனை நாளா இப்படின்னு கேட்டேன். பதில் இல்லை, டீ போட எந்திரிச்சுட்டாங்க. திட்டியிருந்தா கூட எனக்குத் தேவலை.

ராத்திரி பத்துலருந்து காலையில ஆறு வரைக்கும் இந்த நாட்டுல அமைதி நேரம், எல்லாரும் மதிப்பாங்க. நானும் பெரிய நல்லவளாட்டம் ராத்திரி ஓட்டாம பகல்ல ஓட்டிட்டு இருந்தேன். ராத்திரி வேலை பாக்கறவங்களுக்கு ராத்திரி எப்போன்னு யோசிக்கவே இல்லை.

அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், கூலர் மாத்தியே ஆகணும். மூணு வழி இருந்துச்சு.

ஒண்ணு, பெரிய காத்துக் கூலர். ரெண்டு கோபுரம், ரெண்டு ஃபேன், நான் பாத்தப்ப 40 யூரோ சுமாருக்கே கெடச்சுது. ரெண்டு, ரெடிமேட் வாட்டர் கூலர். பம்ப், குழாய், மூணு ஃபேன் வெச்ச ரேடியேட்டர் எல்லாம் சேத்து அடைச்சே வரும். அது 120 யூரோ. மூணு, குழாய் வளைச்சு, தொட்டி வெச்சு, நாமளே கட்டற செட். அதுக்கு 400-க்குக் கீழ கணக்கே ஆரம்பிக்கலை. நான் இங்க வந்தப்ப விசாவுக்காக பேங்க்ல காட்டின காசு மாசத்துக்கு 992 யூரோ. வாடகை, இன்சூரன்ஸ், அரிசி எல்லாம் அதுக்குள்ளதான். ஆக மூணாவது வழி அப்பவே அவுட். ரெண்டாவதை கார்ட்ல போட்டுட்டேன். பணம் கட்டற பட்டனை அமுக்கறதுக்கு முன்னாடி வீட்டுலருந்து வீடியோ கால்.

எங்கப்பா நாமக்கல்ல லாரி மெக்கானிக். முப்பது வருஷமா இன்ஜினைக் கழட்டி மாட்டறவர். படத்தைக் காட்டினேன்.

“ஏங்கண்ணு, இது ரேடியேட்டர் தான? இதென்ன, வாட்டர் பாடியா?”

“ஆமாங்கப்பா, குட்டி வாட்டர் பாடி.”

“மூடி எங்க?”

“மூடி இல்லீங்கப்பா. அடைச்சே குடுத்துருவாங்க.”

“அப்ப தண்ணி கொறஞ்சா?”

“கொறையாதுங்கறாங்க. 5, 6 வருஷம் வாரன்டி.”

“ரப்பர் ஓஸ்ல தண்ணி கொறையாத வண்டி நான் பாத்ததில்ல. சரி, அதை விடு. லாரியில ரேடியேட்டர் எங்க இருக்குது? முன்னாடி. ஓடற வண்டி, எதுக்காத்து அடிக்குது, சூடு ரோட்டோட போயிருது. உன் பொட்டி எங்க ஓடுது? ரூமுக்குள்ள நிக்குது. அந்தச் சூட்டை எங்க கண்ணு கொண்டுபோய் எறக்குவே?”

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. ஒரு நிமிஷம் கழிச்சு வரலை.

நான் படிக்கறதே வெப்பமும் ஓட்டமும். ரெண்டு வருஷமா சமன்பாடு எழுதறேன். ஆனா என் ரூமுக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பாக்கவே இல்லை. போனை வெச்சதும் பேப்பர் எடுத்தேன்.

இந்த பிராசசர் உச்சத்துல 230 வாட் இழுக்கும். இழுக்கற கரண்ட் அத்தனையும் கடைசியில சூடாத்தான் வெளிய வரும். தண்ணி வெச்சாலும் 230 வாட், காத்து வெச்சாலும் 230 வாட். ரேடியேட்டர் இருக்கறது பொட்டி மேல, பொட்டி இருக்கறது என் டேபிளுக்குக் கீழ. ஆக அந்தச் சூடு இறங்கற இடம் என் ரூம்தான். 31 டிகிரி ரூம் தண்ணி வெச்சதால 25 ஆகாது. தண்ணிங்கறது லாரி மாதிரி. லோடைத் தூக்கிட்டுப் போகும், லோடைக் கரைச்சுடாது.

நல்ல லாரிதான், அதுல சந்தேகமே வேண்டாம். ஒரே அளவு இடத்துல காத்து தாங்கற சூட்டைவிட தண்ணி சுமார் 3500 மடங்கு தாங்கும். நிமிஷத்துக்கு ஒரே ஒரு லிட்டர் ஓடினா கூட, 230 வாட்டை வாங்கிட்டு அது 3.3 டிகிரிதான் சூடாகும். அப்ப ஏன் வாட்டர் கூலர் போட்டவங்களுக்கும் இந்த பிராசசர் 90-ஐத் தாண்டுது? ஏன்னா நெரிசல் லாரியில இல்லை, லோடு ஏத்தற வாசல்ல இருக்கு. 16 கோரும் ரெண்டு சில்லுல இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் 70 சதுர மில்லிமீட்டர், கட்டைவிரல் நகத்தைவிடச் சின்னது. அத்தனை சூடும் அந்த ரெண்டு நகத்தளவு வழியா, மேல இருக்கற தடிமனான மூடியைத் தாண்டித்தான் வெளிய வரணும். வாசல் குறுகல்னா வெளிய எத்தனை லாரி நின்னும் பிரயோஜனம் கம்மி.

அப்ப வாட்டர் கூலிங் சும்மாவா? இல்லை மக்களே, அதுக்குன்னு எடம் இருக்கு. ம்யூனிக் பக்கத்துல கார்ஷிங்ல 2012-ல சூப்பர்எம்யூசின்னு ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதைக் குளிர்விச்சது வெதுவெதுப்பான தண்ணி. அதுல வந்த சூட்டை வெச்சு கட்டடத்தையே குளிர்காலத்துல சூடாக்கினாங்க. அங்க லாரி லோடை எடுத்துட்டு வேற இடத்துக்குப் போகுது. அதான் தண்ணியோட நெசமான பலம். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு வெச்சிருக்கீங்க, மொத்தம் 500, 600 வாட் ஓடுது, இல்லைன்னா பொட்டி ரொம்பச் சின்னது, பெரிய கூலர் உள்ள நிக்காதுன்னா, தண்ணிக்குப் போறதுல அர்த்தம் இருக்கு. எனக்கு இருக்கறது 230 வாட், பெரிய பொட்டி, குட்டி ரூம்.

இங்கதான் எனக்கே ஆச்சரியமான ஒரு விஷயம். காத்துக் கூலர்னு நாம சொல்றதுக்குள்ளயும் தண்ணி இருக்கு!

அந்தக் கோபுரத்துல செம்புக் குழாய் ஆறு மேல ஏறுதுல்ல, அது கெட்டிக் கம்பி இல்லை. ஹீட் பைப். உள்ள காத்தை உறிஞ்சிட்டு கொஞ்சூண்டு தண்ணி விட்டு அடைச்சிருக்காங்க. அழுத்தம் கம்மிங்கறதால 40, 50 டிகிரியிலயே அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். ஆவி மேல போய் தகட்டுல சூட்டை விட்டுட்டு, திரும்பத் தண்ணியாகி, குழாய் உள்சுவர்ல இருக்கற திரி வழியா கீழ வரும். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கற மாதிரி. பம்ப் கெடையாது, ரப்பர் குழாய் கெடையாது. ஒரு கிராம் தண்ணியை 10 டிகிரி சூடாக்கினா 42 ஜூல். அதே ஒரு கிராம் ஆவியானா 2400 ஜூல் கிட்ட தூக்கிட்டுப் போகும். அதான் கொஞ்சூண்டு தண்ணியே போதும். 1963-ல அமெரிக்காவுல லாஸ் அலமோஸ்ல ஜார்ஜ் க்ரோவர் இதைச் செஞ்சு காட்டினார். அதுக்கப்புறம் விண்வெளிக்கெல்லாம் போயிருக்கு.

இதைப் படிச்சதும் எனக்கு பெர்த்தா பென்ஸ் ஞாபகம் வந்துச்சு. கார் கண்டுபிடிச்ச கார்ல் பென்ஸ் 1844-ல பொறந்தது இந்த ஊர்ல இருக்கற ம்யூல்பர்க்ல. எங்க வீட்டுலருந்து டிராம்ல போயிடலாம். அவரோட சம்சாரம் பெர்த்தா 1888 ஆகஸ்ட்ல, ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு, மன்ஹைம்லருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் கிட்டத்தட்ட 100 கிலோமீட்டர் காரை ஓட்டிட்டுப் போனாங்க. அந்தக் கார்ல இன்ஜினைச் சுத்தி இருக்கற தண்ணி கொதிச்சு ஆவியா வெளிய போகும். சூடும் அதோட போகும். வேலை என்னவோ நடந்துச்சு, ஆனா போன தண்ணி திரும்பி வராது. அதனால வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணி ரொப்பிக்கிட்டே போனாங்க. ஹீட் பைப் அதே கொதிக்கிற தண்ணிதான். ஒரே வித்தியாசம், போன தண்ணி வீடு திரும்பிடுது.

அப்பாவுக்கு இதை வாய்ஸ் மெசேஜ்ல சொன்னேன். “அப்ப மூடி இல்லாட்டியும் பரவால்ல”ன்னு ஒரு வரி பதில் :-)

இன்னொரு கணக்கும் இருந்துச்சு. ஒழுகினா என்ன ஆகும்? ரெடிமேட் செட் ஒழுகறது அபூர்வம், அதை ஒத்துக்கறேன். ஆனா என் பொட்டிக்குள்ள இருக்கறது ஆறு வாரத்துல குடுக்க வேண்டிய தீசிஸ். ஃபைலுக்கு பேக்கப் இருக்கு, பொட்டிக்கு பேக்கப் இல்லை. இங்க எல்லாரும் எடுக்கற பொறுப்பு இன்சூரன்ஸ் நான் அடுத்தவங்களுக்குப் பண்ற சேதத்தைத்தான் பாத்துக்கும், என் மதர்போர்டை இல்லை. காத்துக் கூலர்ல ஃபேன் செத்தா பத்து யூரோவுக்கு ஒரு ஃபேன் வாங்கி அரை மணியில மாட்டிடலாம். பம்ப் செத்தா மொத்த செட்டும் மாத்தணும். வாரன்டியில புதுசு வரும்தான், ஆனா அது வர்ற வரைக்கும் தீசிஸ் யாரை நம்பி ஓடும்?

சரி, காத்துதான்னு முடிவாச்சு. வாங்கறதுக்கு முன்னாடி காசே இல்லாம ஒண்ணு செஞ்சு பாத்தேன். பயாஸ்ல ‘ஈகோ மோட்’னு ஒண்ணு இருக்கு. அதுல 105 வாட் போட்டா, பிராசசர் உச்சத்துல 142 வாட்டோட நின்னுக்கும். 230 எங்க, 142 எங்க. எறக்க வேண்டிய லோடே மூணுல ரெண்டு பங்குக்கும் கீழ வந்துருச்சு.

வேகம் பாதியாயிடும்னு பயந்துக்கிட்டே ஒரு கேஸ் போட்டேன். முன்னாடி 6 மணி 10 நிமிஷம் ஆனது, இப்ப 6 மணி 30 நிமிஷம். இருபதே நிமிஷம்! யோசிச்சா காரணம் புரிஞ்சுது. என் மாதிரி சிமுலேஷன்ல 16 கோரும் பாதி நேரம் மெமரியிலருந்து எண்கள் வர்றதுக்காகக் காத்துக்கிட்டு நிக்குது. காத்துக்கிட்டு நிக்கறவன் கிட்ட இன்னும் வேகமா ஓடுன்னா என்ன பிரயோஜனம்? இத்தனை நாள் அந்த 90 வாட் சும்மா என் ரூமை வறுத்துக்கிட்டு இருந்திருக்கு. உங்க வேலை வேற மாதிரின்னா நஷ்டம் கூடக் குறைய இருக்கும், ஓட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

அப்புறம் 40 யூரோ கோபுரத்தை வாங்கினேன். ஒரு எச்சரிக்கை: உயரம் அளந்துட்டு வாங்குங்க. நான் மொதல்ல ஆசைப்பட்டது 165 மில்லிமீட்டர், என் பொட்டியில 160-க்கு மேல நின்னா பக்கக் கதவு மூடாது. 155-ல ஒண்ணு கெடச்சுது. மெமரி குச்சி மேல ஃபேன் இடிக்குதான்னும் பாருங்க. வீடு மாத்தும்போது இந்த ஒரு கிலோ கோபுரத்தைக் கழட்டிட்டுத்தான் பொட்டியைத் தூக்கணும், மறந்துட்டா மதர்போர்டு மேலயே வெயிட் எல்லாம் விழும். நீங்க தண்ணிக்குப் போறவங்கன்னா பம்ப் ரேடியேட்டருக்குக் கீழ இருக்கற மாதிரி மாட்டுங்க. காத்துக் குமிழ் உசரமான இடத்துலதான் போய் நிக்கும், அந்த இடம் பம்ப்பா இருக்கக் கூடாது.

சனிக்கிழமை மாட்டினேன். இப்போ முழு லோடுல 72 டிகிரி. ஃபேன் 900 சுத்து. ஃபேன் வேகம் பாதியானா சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். பொட்டி ஓடுதான்னு பாக்க லைட்டைத்தான் பாக்க வேண்டியிருக்கு. ரூம் மட்டும் இன்னமும் சூடுதான், 142 வாட்டும் சூடுதானே. ஜன்னலைத் தெறந்து வெச்சிருக்கேன், எங்கப்பா சொன்ன ‘எறக்கற எடம்’ அதுதான்.

கடைசியா ஒரு கூட்டல் கணக்கு. 40 கேஸ், கேஸுக்கு 20 நிமிஷம் தாமதம். மொத்தம் 13 மணி நேரம் சொச்சம். அரை நாளுக்குக் கொஞ்சம் மேல எனக்கு நஷ்டம். சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷிக்கு பகல் தூக்கம். இந்தக் கணக்கைப் போட சமன்பாடு வேண்டியதில்லை, ஆனா போட எனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கு.

திங்கக்கிழமை பொட்டியை ஓட விட்டுட்டு கிச்சன் போனேன். மணி பத்தரை. டேபிள் காலி. சேச்சி ரூம் கதவு சாத்தியிருந்துச்சு. சாயங்காலம் நாலு மணிக்கு எந்திரிச்சு வந்தவங்க, “மோளே, மெஷின் கேடாயோ? சத்தமே இல்லையே”ன்னு கேட்டாங்க.

“இல்ல சேச்சி, நல்லா ஓடிட்டுத்தான் இருக்கு.”

கொஞ்ச நேரம் என்னையே பாத்தாங்க. அப்புறம் அவங்க புஸ்தகத்தை எடுத்துட்டு ரூமுக்கே போயிட்டாங்க. வர்ற வியாழக்கிழமை அவங்களுக்குத் தேர்வு. எனக்கு இன்னும் 22 கேஸ் பாக்கி.

டிஸ்கி: வாட்டர் கூலர் போட்டவங்க யாரும் அடிக்க வராதீங்க. உங்க பொட்டி, உங்க ரூம், உங்க லோடு. எங்கப்பா கேட்ட கேள்வியை மட்டும் ஒரு தடவை கேட்டுட்டு வாங்குங்க: எங்க கொண்டுபோய் எறக்குவீங்க?

அடுத்த ஞாயிறு: பழைய பவர் சப்ளையை நம்பலாமா? (தீசிஸ் விட்டா!)